ரொமான்ஸ், ரீட்டா, காதற்புதினம்: ஒரு விருதின் பெயருக்குள் இருக்கும் சொற்கள்

'அமெரிக்காவின் சிறந்த காதல் எழுத்தாளர் விருது' என்றொரு தொடரை அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பை மெய்ப்புத் திருத்தும்போது கண்டேன். எழுத்துப் பிழை ஏதும் இல்லை; ஆயினும் பேனாவை அதன்மேல் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'காதல்' என்ற சொல் அத்தொடரில் எழுத்தாளரைத் தழுவுகிறதா, அவர் எழுதியதைத் தழுவுகிறதா என்பது தெளிவாக இல்லை. விருது பெற்றது ஒரு நூல். தொடரோ அதை ஆளுக்கு உரியதாக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலத்தில் இருந்த 'ரொமான்ஸ்' என்ற சொல் காதலைப் பேசும் எந்தக் கதைக்கும் பொருந்துவதன்று. வரையறுத்த பொருள் கொண்ட ஓர் இலக்கிய வகையின் பெயர் அது. அந்த விருதின் பெயர் ரீட்டா. இப்பெயரையும் அதற்குள் இருக்கும் வகைப்பெயரையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று தேடியபோது கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

'ரொமான்ஸ்' பிறந்த இடத்தில் அதற்குக் காதல் என்ற பொருள் இல்லை. அது ஒரு மொழியின் பெயர். உரோமானியப் பேரரசு சிதைந்த பின்னர்க் கற்றோரும் திருச்சபையும் இலத்தீனில் எழுதினர். மக்களின் வாயில் அம்மொழி மாறி மாறி வேறொரு பேச்சாயிற்று. 'உரோமானிய வழக்கில்' என்று பொருள்படும் 'ரோமானிசே' என்ற இலத்தீன் வினையடை தேய்ந்து, பழம் பிரெஞ்சில் 'ரோமான்ஸ்' என்றாகி, இலத்தீனுக்கு எதிராக நின்ற மக்கள்மொழியைக் குறித்தது. 12ஆம் நூற்றாண்டில் ஒரு நூலை 'ரோமான்சில் ஆக்குதல்' என்றால் அதை இலத்தீனிலிருந்து மக்கள்மொழிக்குப் பெயர்த்தல் என்றே பொருள். அவ்வாறு ஆக்கப்பட்டவற்றிலும் புதிதாகப் பாடப்பட்டவற்றிலும் வீரர்களின் பயணங்களும் அரசவைக் காதலுமே மிகுந்திருந்தமையால், மொழியின் பெயர் அம்மொழியில் எழுந்த கதைக்கு ஆகிவந்தது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் 'ரோமான்' என்பது இன்றும் பொதுவாக நாவலைத்தான் குறிக்கிறது. ஆங்கிலமோ நாவலுக்கு, 'புதியது' என்னும் அடிக்கருத்துக் கொண்ட இத்தாலியச் சொல்லை எடுத்துக்கொண்டது. நாம் 'புது' என்பதிலிருந்து 'புதினம்' ஆக்கியதும் அதே கருத்தை ஒட்டியே. இவ்வாறு ஆங்கிலத்தில் வேலை குறைந்த 'ரொமான்ஸ்', முதலில் நடவா வியப்புகளைச் சொல்லும் கதை என்றும், பின்னர்க் காதற்கதை என்றும், கடைசியாகக் காதலுணர்வு என்றுமே பொருள் சுருங்கியது. நம் திரைப்படப் பேச்சில் புழங்கும் 'ரொமான்ஸ்' இந்தக் கடைசிப் படியில் இறங்கி வந்தது.

மொழியின் பெயர் காதலின் பெயராக மாறிய இந்த வரலாறு தமிழருக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. குறிஞ்சிப்பாட்டின் இறுதிக் குறிப்பு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் அதைப் பாடியதாகச் சொல்கிறது. பாட்டைப் படித்தால் அதில் எழுத்தும் இல்லை, இலக்கணமும் இல்லை. தலைவியின் மெலிவுக்குக் காரணம் கேட்கும் செவிலிக்குத் தோழி, தினைப்புனத்தில் நிகழ்ந்த களவுக்காதலை எடுத்துரைத்து அறத்தொடு நிற்கிறாள், அதாவது மறைந்த காதலை உரியவருக்கு வெளிப்படுத்துகிறாள். இங்கே 'தமிழ்' என்றது அகத்திணையை, இன்னும் நுட்பமாகச் சொன்னால் களவொழுக்கத்தை. இறையனார் களவியலின் உரையும் அந்நூல் எதை நுதலிற்று, அதாவது எதைப் பற்றியது, என்ற கேள்விக்குத் 'தமிழ் நுதலிற்று' என்றே விடை கூறுகிறது. ஐரோப்பாவில் வழக்குமொழியின் பெயர் அதன் கதைகள் வழியாகக் காதலுக்கு ஆயிற்று. இங்கே மொழியின் பெயர் அம்மொழி மட்டுமே வகுத்துக்கொண்ட காதற்கோட்பாட்டுக்கு ஆயிற்று. இரண்டிற்கும் தொடர்பு கற்பிக்க நான் முயலவில்லை. ஆனால் 'ரொமான்ஸ்' என்ற சொல்லின் உள்ளே ஒரு மொழி ஒளிந்திருக்கிறது என்று ஒரு தமிழ் மாணவருக்கு விளக்க இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இனி விருதுக்கு வருவோம். 1980ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் அமெரிக்கக் காதற்புதின எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அதைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் விவியன் ஸ்டீபன்ஸ் என்னும் கறுப்பினப் பதிப்பாசிரியர். சங்கத்தின் முதல் தலைவர் ரீட்டா கிளே எஸ்ட்ராடா. 1982இல் தொடங்கிய சங்கத்தின் விருது அப்போது 'பொற்பதக்கம்' என்ற பெயரோடு இருந்தது. 1990இல் முதல் தலைவரின் பெயரால் 'ரீட்டா' ஆயிற்று. இன்னும் அச்சேறாத கையெழுத்துப்படிகளுக்கு 'பொன்னிதயம்' என்றொரு தனி விருது 2019 வரை இருந்தது. ரீட்டா என்பது மார்கரீட்டா என்பதன் குறுக்கம். அதன் வேர் கிரேக்க மொழியில் முத்தைக் குறிக்கும் சொல். எனினும் 'முத்து விருது' என்று யாரும் பெயர்த்துவிட வேண்டாம். ஆளின் பெயரால் அமைந்த விருதை ஒலிபெயர்ப்பதே முறை.

இச்சங்கம் தன் வகைப்பெயருக்குத் தானே வரையறை தந்தது. ஒரு காதலே கதையின் மையமாக இருக்க வேண்டும். முடிவு உள்ளத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அது ரொமான்ஸ். காதலர் பிரிந்து மாயும் கதை எத்துணை உயர்ந்ததாயினும் இவ்வகைக்குள் வாராது. இன்ப முடிவைச் சந்தை உத்தி என்று இகழ்வோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. வெண்பா ஈற்றடி முச்சீரால் முடிய வேண்டும் என்பது போன்ற ஒரு யாப்பு அது. முடிவு தெரிந்திருந்தும் படிப்பவரைக் கடைசிப் பக்கம் வரை அழைத்துச் செல்ல எழுத்தாளருக்குத் தனித்திறன் வேண்டும். அத்திறனைப் பொது இலக்கிய விருதுகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாததால்தான், பெரும்பாலும் பெண்கள் எழுதிப் பெண்கள் படிக்கும் இந்த வகைக்குத் தனி விருது தேவைப்பட்டது.

ஆனால் அந்தத் தனி விருதும் சிலரைக் கண்டுகொள்ளவில்லை. கறுப்பின எழுத்தாளர் எவரும் ரீட்டா பெற்றதில்லை என்பதையும், இறுதிச் சுற்றை எட்டிய நூல்களில் அவர்களுடையவை அரை விழுக்காட்டுக்கும் குறைவு என்பதையும் 2018இல் சங்கமே ஒப்புக்கொண்டது. 2019இல் கென்னடி ரயன், எம். மலோன் என்னும் இரு கறுப்பின எழுத்தாளர்களின் நூல்கள் வென்றன. அவ்வாண்டு டிசம்பரில் சீனப் பெண்களை ஒரு நூல் சித்திரித்த முறையைக் கண்டித்த கோர்ட்னி மிலன் என்ற எழுத்தாளர்மீது சங்கம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது, எதிர்ப்பு எழுந்தது, நடவடிக்கை திரும்பப் பெறப்பட்டது, பொறுப்பாளர்கள் பலர் விலகினர், 2020ஆம் ஆண்டின் போட்டியே கைவிடப்பட்டது. அதன்பின் ரீட்டா என்ற பெயர் ஓய்வு பெற்று, தோற்றுவித்தவரின் பெயரால் 'விவியன்' விருது அறிவிக்கப்பட்டது. 'உயிருள்ள' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே விவியன் என்ற பெயரின் வேர். 2021இல் முதல்முறையாக வழங்கப்பட்டபோதே, பழங்குடி மக்கள் கொல்லப்பட்ட ஒரு தாக்குதலில் பங்கேற்ற படைவீரனை நாயகனாக்கிய நூலுக்கு அளித்த விருதைச் சில நாட்களில் திரும்பப் பெற நேர்ந்தது. 2024 மே மாதத்தில் சங்கம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

பிரிட்டனில் இதே துறைக்கு வேறு சொல் நிற்கிறது. 1960இல் அங்கே தொடங்கிய சங்கமும் அதன் விருதும் 'ரொமான்ஸ்' என்று சொல்லாமல் 'ரொமாண்டிக் நாவல்' என்றே சொல்கின்றன. 'ரொமான்ஸ்' என்ற பெயர்ச்சொல் 'ரொமாண்டிக்' என்று பெயரடையாவதால் வரம்பு நெகிழ்கிறது: காதல் மிக்க புதினம் எதுவும் உள்ளே வர இடமுண்டு. ஆஸ்திரேலியாவில் 'ஆண்டின் காதல் நூல்' என்ற தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரூபி' என்றனர். மாணிக்கத்தின் பெயராகவும் அது ஒலிக்கிறது. நியூசிலாந்தின் விருது 'கோரு'; பெரணியின் விரியாத சுருள்தளிரைக் குறிக்கும் மாவோரிச் சொல்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'அகப்புதினம்' என்ற ஆக்கம் செவிக்கு இனிது; எனக்கும் முதலில் அதன்மேல் ஆசை இருந்தது. ஆனால் 'மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பியம். அகத்தில் தலைமக்களுக்குப் பெயர் இல்லை. புதினத்திலோ பெயர் இல்லாமல் கதை நகராது. அன்றியும் அகத்துள் பிரிவாகிய பாலையும் இரங்கலாகிய நெய்தலும் நிறைநிலை பெற்றவை. மகிழ்ச்சியில் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே கிடையாது. ஆகவே அகம் என்ற சொல் இந்த வகைக்கு அளவால் பெரிது. 'இன்பியல்' என்பதை நாடகத்தின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். 'கற்பனாவாதம்', 'புனைவியல்' என்பன ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் காலத்து இலக்கிய இயக்கத்துக்கு உரியவை. அவற்றை இங்கே கொண்டுவந்தால் இரண்டு பொருளும் கெடும். வாசகர் வாயில் வழங்கும் 'குடும்ப நாவல்' உயிருள்ள சொல்தான்; ஆயினும் அதன் மையத்தில் காதல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எஞ்சுவது 'காதல்'. இச்சொல் தமிழில் ஏற்கெனவே ஓர் இலக்கிய வகையின் பெயராக இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். கூளப்ப நாயக்கன் காதல் என்பதில் 'காதல்' உணர்வை மட்டும் சுட்டவில்லை, சிற்றிலக்கிய வகையையும் சுட்டுகிறது. உலா, தூது என்பவற்றைப் போல. எனவே 'காதல்' என்பதோடு 'புதினம்' சேர்த்துக் 'காதற்புதினம்' என்று புணர்த்தி எழுதுவதே தக்கது என்பது என் முடிவு. காதற்கடிதம் என்பதைப்போல லகரம் றகரமாகத் திரியும்போது இரண்டு சொல்லும் ஒட்டி ஒரே கலைச்சொல்லாகின்றன. 'காதல்' என்ற அடை அடுத்து வரும் 'எழுத்தாளர்' மீது தாவ வழியில்லாமல் போகிறது. பிரிட்டனின் நெகிழ்ந்த சொல்லுக்குக் 'காதல்சார் புதினம்' என்று எழுதினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் காக்கப்படும்.

'விருது' என்ற சொல்லையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பட்டம், வெற்றிச் சின்னம், கொடி என்பன அதன் பழம்பொருள்கள். பெற்றவர் பிறர் காணத் தாங்கிச் செல்வது அது. 'பரிசு' என்பதில் பொருளோ பணமோ கைமாறுகிறது. ரீட்டாவின் பயன் நூலட்டையில் பொறிக்கும் பெருமையே ஆதலால் 'விருது' மிகப் பொருத்தமாக அமைகிறது. ஆனால் தேர்வு முறையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது மூன்றாவது சொல்லாகிய 'பரிசில்'. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார், 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று மறுக்கிறார். தினையளவே ஆயினும் 'துணையளவறிந்து', அதாவது பெறுபவரின் தகுதியின் அளவை அறிந்து, தந்தால் இனிது என்கிறார். ரீட்டாவின் முதற்சுற்றில் சங்க உறுப்பினர்களான எழுத்தாளர்களே நூல்களைப் படித்து மதிப்பெண் இட்டனர். உடன்தொழில் செய்வோரின் தீர்ப்பு என்பதே அதன் மதிப்பாக இருந்தது. கறுப்பின எழுத்தாளர்களின் துணையளவு பல்லாண்டு அறியப்படாமற் போனதும் அந்தத் தீர்ப்பில்தான்.

உட்பிரிவுப் பெயர்களில் பெரும்பாலானவை எளியவை: சமகாலக் காதற்புதினம், வரலாற்றுக் காதற்புதினம், மர்மக் காதற்புதினம், ஆன்மிகக் காதற்புதினம். முன்னர்த் தனிப்பிரிவாக இருந்த 'ரீஜென்சி' மட்டும் விளக்கம் வேண்டுவது. 1811 முதல் 1820 வரை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றிருந்தபோது அவர் மகன் பதிலாளராக இருந்து இங்கிலாந்தை ஆண்ட காலம் அது. 'பதிலாட்சிக் காலக் காதற்புதினம்' என்று எழுதிவிட்டு, முதலில் வரும் இடத்தில் ஆண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தால் வாசகர் தடுமாற மாட்டார். நான் திருத்திக்கொண்டிருந்த தொடரை இறுதியில் இப்படி மாற்றி அனுப்பினேன்: 'அமெரிக்கக் காதற்புதின எழுத்தாளர் சங்கம் 2019இல் வழங்கிய ரீட்டா விருதைப் பெற்ற நூலின் ஆசிரியர்.'