பால்மரத்துக்கே திரும்பிவிடலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மாணவர் கேட்கிறார்: "ஐயா, செயற்கை ரப்பர் பெட்ரோலியத்தில் செய்வது. நம்மிடம்தான் ரப்பர் தரும் பால்மரம் இருக்கிறதே, எல்லா டயரையும் அதிலேயே செய்தால் பூமிக்கு நல்லதுதானே?"

கெடாவில் பால் வெட்டிய பாட்டியின் பேரன் நான். ஆமாம் என்று சொல்ல ஆசைதான். அதற்கு முன் ஒரு ரப்பர் பேண்டை எடுத்துச் சட்டென்று இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வையுங்கள். சூடு தெரியும். ஆறவிட்டுத் தளர்த்தி வைத்தால் சில்லென்றிருக்கும்.

ரப்பர் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல், கந்தகம் அவற்றுக்கு முடிச்சு. இது பள்ளிப் பாடம். பாடத்தில் வராதது ஒன்று உண்டு. பால்மரத்தின் நொதிகள் ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறுக் கண்ணிகளைப் பிசகாமல் ஒரே விதமாக வளைத்துக் கோக்கின்றன. அந்த ஒழுங்கினால், நாலைந்து மடங்கு இழுபடும்போது சங்கிலிகள் அருகருகே படிந்து படிகமாகிவிடுகின்றன. உதட்டில் பட்ட சூட்டில் அதன் பங்கும் உண்டு. விட்டதும் படிகம் உருகிவிடுகிறது.

டயரில் விரிசல் விழுந்தால் அதன் நுனியில்தான் இழுப்பு அதிகம். ஆகவே படிகமும் அங்கேதான் முளைக்கிறது. விரிசல் தான் போகும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத இடம் இது. கார் டயர்களில் சேரும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன் என்னும் செயற்கை ரப்பரில் கண்ணிகள் தாறுமாறாகக் கோத்திருப்பதால் இது நடப்பதில்லை. விமான டயருக்கு இன்றும் பால்மரம்தான்.

இனி நிலக்கணக்கு. உலகில் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி டன் செயற்கை ரப்பர் தயாராகிறது. பால்மரத் தோட்டம் ஹெக்டருக்கு ஆண்டில் 1 டன், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 1.5 டன் தரும். தீபகற்ப மலேசியா முழுவதும், கோலாலம்பூர் கோபுரங்களும் பினாங்குத் தீவும் சேர்த்தே, சுமார் 1.3 கோடி ஹெக்டர். அந்தச் செயற்கை ரப்பர் முழுவதற்கும் பதிலாகப் பால்மரம் நட ஏறத்தாழ அவ்வளவும் வேண்டும்.

பழைய தோட்டத்தில் மறுநடவு செய்தால் பரவாயில்லை. காட்டை அழித்து நட்டால், காடு பிடித்துவைத்திருந்த கரியில் பெரும்பங்கு காற்றுக்குப் போய்விடும். கந்தகம் சேர்த்து வேகவைத்தபின் பால்மரத்து ரப்பரும் லேசில் மக்காது. மரத்திலிருந்து வந்தால் கேடில்லை என்று நம்புவது, புதுக் காரின் டயருக்கடியில் எலுமிச்சை வைப்பதைவிடப் பெரிய மூடநம்பிக்கை. எலுமிச்சையால் காடு அழிவதில்லை.

பாட்டி வெட்டிய தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. இருக்கிற பாலை விமானத்துக்கும் லாரிக்கும் வைத்துக்கொள்வோம். செருப்பின் அடித்தட்டுக்கு வீணாக்க வேண்டாம். அப்புறம், தம்பி, பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு ரயில் இருக்கிறது. அதற்கு இரும்புச் சக்கரம்.