கதிர்காமம் நடக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி

வைகாசி பிறந்ததும் என் டிஸ்பென்சரிக்கு ஒரு வகை ஆட்கள் வரத் தொடங்குவார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. "சும்மா ஒருக்கா பிறசர் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தன் டொக்டர்" என்பார்கள். கண் மட்டும் சுவரில் தொங்கும் கலண்டரில் இருக்கும். கதிர்காமத்து முருகன் கோயிலுக்கு நடந்தே போகப் போகிறவர்கள் இவர்கள். அங்கே கொடியேற்றம் எப்போது, வழியில் உகந்தையில் காட்டுப்பாதை எப்போது திறப்பார்கள் என்ற கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

என் இடம் மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்முனை வீதியோரம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் இருந்து வேலோடு புறப்படுகிற கூட்டம் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் எல்லாம் கடந்து இந்தப் பக்கத்தால்தான் போகும். அவர்களுக்கு ஒன்றரை மாதப் பயணம். எங்கள் ஊர் ஆட்கள் இங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். மட்டக்களப்பில் இருந்து பொத்துவிலுக்கு 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு பாணமை, உகந்தை, அப்புறம் குமுக்கன் ஆறு தாண்டி யால காட்டுக்குள் ஐந்தாறு நாள். அதுவும் ஆனி, ஆடி மாதத்தில், கச்சான் காற்று முகத்தைப் பொசுக்குகிற நேரத்தில்.

முதல் சில வருடங்கள் நானும் பிறசர் பார்த்தேன், சீனி பார்த்தேன், பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன், "நல்லா தண்ணி குடியுங்க" என்று அனுப்பினேன். ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. அது சாமி விசயம், எனக்கென்ன என்று இருந்தேன். அந்தப் பழக்கத்தை மாற்றியது ஒரு மனிதர். (இந்தக் கட்டுரையில் வருகிறவர்களின் வயதையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.)

நாற்பத்துநான்கு வயது, மேசன் வேலை. பிறசர் சரி, சீனி சரி, கால் இரண்டும் தேக்கு மரம் மாதிரி. "உங்களுக்கு ஒண்டும் இல்ல, போயிட்டு வாங்க" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் இரவு, கோமாரிப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்திருந்தவர் எழும்பி நடுங்கத் தொடங்கியிருக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டியிருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் சாமி வந்திட்டு என்று நினைத்துத் திருநீறு பூசி, அரோகரா சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு மாமி மட்டும், "இது சாமியில்ல மனே, இது சாராயம். எங்கட மனிசனுக்கும் இப்பிடித்தான் வந்த" என்று சொல்லி, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

பிறகு விசாரித்தால், இருபது வருடமாக நாள்தோறும் குடித்தவர். மகள் பெரியபிள்ளையானதும் வெட்கம் வந்து, முருகனுக்கு முன்னால் விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு, நடக்கத் தொடங்கிய அன்றே ஒரு சொட்டும் தொடாமல் விட்டிருக்கிறார். அவர் ஏன் நடக்கிறார் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது எல்லாம் முதலே தெரிந்திருக்கும். என் பிழை.

அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பின் அரை நாளுக்குள்ளேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இது உயிரை எடுக்கக்கூடிய நிலை. பாதயாத்திரையின் முதல் நாலு நாளும் இந்த நாலு நாளும் ஒன்றாக வந்தால், மேலே வெயிலும் சேர்ந்தால், என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளங்காது. வெயில் என்பார்கள், அருள் என்பார்கள். குடியை விடுவதற்காக நடக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: நேர்த்தியை வைகாசியிலேயே தொடங்குங்கள். ஒரு மாதம் முந்தி ஒரு டொக்டரிடம் வந்து உண்மையான அளவைச் சொல்லுங்கள். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து இருக்கிறது, வைட்டமின் பி1 தரவேண்டும், சிலரைச் சில நாள் வாட்டில் வைத்துப் பார்க்கவேண்டி வரும். எல்லாம் முடிந்து தெளிந்த உடம்போடு வேலோடு புறப்படுங்கள்.

அன்றில் இருந்து கிளினிக் அட்டையில் நானே பேனையால் ஒரு கோடு போட்டு "காரணம்" என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டேன். இதில் எனக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். ஸ்பெயினில் சந்தியாகோ நகரத்துக்கு 800 கிலோமீற்றர் அளவில் நடக்கிற கமினோ யாத்திரையில், முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகம் அவர்களிடம் காரணத்தையும் கேட்டுப் பதிகிறது: சமயமா, சமயமும் வேறும் கலந்ததா, சமயமே இல்லையா என்று. அமெரிக்காவில் 3,500 கிலோமீற்றர் நீளமான அப்பலாச்சியன் பாதையை 1948இல் ஒரே மூச்சில் முழுதாக நடந்த முதல் ஆள் என்று அறியப்படுகிற ஏர்ல் ஷாஃபர், இரண்டாம் உலகப் போரில் இருந்து திரும்பியவர். சேர்ந்து நடப்போம் என்று பேசிவைத்த சின்ன வயதுக் கூட்டாளி அதே போரில் இவோ ஜிமா தீவில் இறந்துபோனார். இராணுவ வாழ்க்கையை உடம்பில் இருந்து நடந்தே இறக்கிவிடத்தான் போனேன் என்று ஷாஃபர் சொன்னார். 1955இல் அதே பாதையைத் தனியாக நடந்த எம்மா கேட்வுட்டுக்கு அப்போது 67 வயது. பதினொரு பிள்ளை பெற்றவர், புருசனிடம் பல வருடம் அடி வாங்கி விலகியவர். வளர்ந்த பிள்ளைகளிடம் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, கன்வஸ் சப்பாத்தோடு கிளம்பியவர். இவர்களை வாசிக்கும்போது எனக்கு எங்கள் பக்கத்து ஆட்களின் முகம்தான் வரும். மொழியும் சாமியும் வேறு. சுமை அப்படியே இருக்கிறது.

சரி, கட்டத்தில் என்ன எழுதுகிறேன்? நேர்த்தி என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அது வாசல் கதவு. கொஞ்சம் பேசாமல் இருந்தால் உள்ளே இருப்பது வரும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு அம்மா வந்தார். அறுபத்தொரு வயது, சீனி வருத்தம் பதினாலு வருடமாக. அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் நைலான் நூலை வைத்துப் பார்த்தேன். மீன் பிடிக்கிற தங்கூசி மாதிரி ஒரு துண்டு அது. தோலில் வைத்து நூல் வளையும்வரை அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தம். அது தெரியாவிட்டால் காலில் காவல் இல்லை என்று அர்த்தம். பெருவிரலில் வைத்தேன். பேசாமல் இருந்தார். நடுவிரலுக்குக் கீழே வைத்தேன். பேசாமல் இருந்தார். குதியில் வைத்தபோது, "தொடங்குங்க மகள், எவ்வளவு நேரம் கண்ணை மூடிட்டு இரிக்கிற?" என்று கேட்டார்.

வெறுங்காலோடு போகப் போகிறாராம். ஏன் என்று கேட்டேன். சண்டைக்காலத்தில் வீட்டை விட்டுப் போன மகன் இன்னும் வரவில்லை. அவன் வரவேண்டும் என்று நேர்ந்தீர்களா என்று கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நேந்ததெல்லாம் எப்பவோ முடிஞ்சி. இப்ப நான் அவரோட சண்டை பிடிக்கத்தான் போறன். கால் புண்ணாகினா ஆகட்டும். அவர் பாக்கட்டும்."

அவர் என்றது முருகனை.

துக்கத்தில் நடக்கிறவர்களில் பலருக்கு நோவு வேண்டியிருக்கிறது. மனதில் இருப்பதைக் காலுக்கு இறக்கினால் கொஞ்சம் ஆறும் போல. சுனாமியில் பிள்ளையை விட்டவர்கள், அதுவும் அம்பாறைக் கரையோரம், இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்கள் போன மாவட்டம் அது, இன்றும் நடக்கிறார்கள். அவர்களிடம் கவனமாகப் போங்கள் என்று சொல்வதில் பயனில்லை. கவனம் அவர்கள் வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்த சாமான். தண்ணீர் குடிக்க மறப்பார்கள், குளிசையை விடுவார்கள். அந்த அம்மாவின் நிலை அதைவிட மோசம்: நோவு தேடிப் போகிறார், ஆனால் அவருடைய காலுக்கு நோவே தெரியாது. எவ்வளவு புண்ணானாலும் போதாது என்றுதான் தோன்றும்.

செருப்பைப் போடுங்கள் என்று கட்டளையிடாமல் பேரம் பேசினேன். தார் வீதியில் செருப்பு, கோயில் வீதியில் வெறுங்கால். ஒவ்வொரு பின்னேரமும் கூடப் போகிற மருமகள் டோர்ச் அடித்து இரண்டு பாதத்தையும் விரலிடுக்கு உட்படப் பார்க்கவேண்டும். தோல் வெடித்தால் அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். "எந்த இடத்திலயும்?" என்று கேட்டார். "எந்த இடத்திலயும்" என்றேன். கிளினிக் அட்டையில் எழுதிக் கையொப்பம் வாங்கினேன். சட்டப்படி அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை.

சீனிக்கு இன்னும் இரண்டு விசயம். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசையும் இன்சுலினும் நாள் முழுக்க நடக்கும்போது சீனியை மயக்கம் வருமளவுக்கு இறக்கிவிடும். புறப்பட முந்தி அளவைச் சரிசெய்து கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம், மடியில் குளுக்கோசோ சீனியோ இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் கொண்டுபோனால் அது வெறும் தண்ணீர்தான். நனைத்த துணியில் மூடிய சின்ன மண்முட்டிக்குள் வையுங்கள், போதும்.

பெண்களிடம் வேறொரு காரணத்தையும் கேட்டிருக்கிறேன், மெல்லிய குரலில். "வருசத்தில அந்தப் பத்து நாளும்தான் நான் ஒருத்தருக்கும் தேத்தண்ணி போடுறதில்ல டொக்டர்." இதைச் சொன்னவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்வுட்டும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இவர்கள் நன்றாக நடப்பார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள், திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும். இங்கே நான் கேட்பது ஒரு குளிசையைப் பற்றி. மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெதிஸ்டரோன் குளிசையைப் பக்கத்து வீட்டார் சொன்ன கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள். காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் அதை எடுக்கவே கூடாது. மற்றவர்களும் கேட்டுவிட்டு எடுங்கள்.

வீட்டுப் பிரச்சினையில் இருந்து தப்பி நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். அடி, கடன், சந்தேகம். நடந்து திரும்பி வந்தாலும் வீடு அதே வீடுதான். அவர்களுடைய கால் நோவைவிட ஆடி முடிந்த பிறகு வருகிற கிழமைகள்தான் எனக்குப் பயம். வந்து பாருங்கள் என்று நாள் குறித்து அனுப்புகிறேன்.

இளவட்டங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சாமிக்காகப் போகிறார்களா, படம் போடப் போகிறார்களா என்று அவர்களுக்கே தெரியாது, அதில் பிழையும் இல்லை. சிலர் இப்போது மலைநாட்டுப் பக்கம் பீக்கோ ட்ரெயில் நடக்கப் போகிறார்கள். 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வருத்தம், வேகம். முதல் நாளே முப்பது கிலோமீற்றர் நடந்து, மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, டைக்ளோபினாக் என்ற நோவுக் குளிசையை மிட்டாய் மாதிரிப் போடுவார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் அந்தக் குளிசை சிறுநீரகத்தை அடிக்கும். பிறசருக்கு எனலபிரில், லொசார்டன், தண்ணீர்க் குளிசை (சிறுநீரைக் கூட்டுவது) எடுக்கிற வயதானவர்களுக்கு இது இன்னும் மோசம். நோவுக்குப் பனடோல் போடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு பைக்கற் ஜீவனி (வாய்வழி உப்புக்கரைசல் தூள்), அளவு மாறாமல். கொப்புளத்தின் தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள். ஒருவர் உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால், வாகனம் வரும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே நிழலில் படுக்கவைத்துத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஆஸ்பத்திரி பிறகு.

அந்த அம்மா ஆவணி நடுவில் வந்தார். வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் குத்தி அளவில் புண். மருமகள் உகந்தையில் வைத்து டோர்ச் வெளிச்சத்தில் கண்டிருக்கிறார். அடுத்த நாள் விடிய காட்டுக்குள் இறங்கவேண்டும். அங்கேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் திரும்பியிருக்கிறார்கள்.

"சாமி கோவிக்கல்லியா?" என்று கேட்டேன், புண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அவர் எங்க கோவிச்ச? நான்தானே கோவத்தில இரிந்த" என்றார். கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற பேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உகந்தை மலையடியில ரெண்டு நாள் இரிந்தன் மகள். சண்டையெல்லாம் அங்கயே பிடிச்சிட்டன்."

புண் ஆற ஐந்து கிழமை எடுத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வருவார். கடைசிக் கட்டை அவிழ்த்த அன்று, அடுத்த வருடம் காட்டுப்பாதை எந்தத் திகதியில் திறப்பார்கள் என்று கேட்டுக் கலண்டரைப் பார்த்தார். கலண்டர் அந்த வருடத்துக்கு உரியது.