மீள்திறன்: ‘ரெசிலியன்ஸ்’ என்ற சொல்லும் புதுச் செவிலியரும்

செவிலியர் கல்லூரிகளிலும் மருத்துவமனைப் பயிற்சி வகுப்புகளிலும் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘ரெசிலியன்ஸ்’, அதாவது அடிபட்டாலும் திரும்ப எழும் திறன். படிப்பு முடித்து வார்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். சரி, வேண்டியதுதான். அவர்களிடம் நாம் கேட்பது என்ன என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

வேர் லத்தீன். ‘சலீரே’ என்றால் துள்ளுதல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் பின்னோக்கித் துள்ளுதல். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் எதிரொலியைப் பற்றி எழுதும்போது இதைக் கையாண்டார். 19ஆம் நூற்றாண்டில் மரம், இரும்பு இவற்றின் வலிமையைக் கணக்கிட்ட பொறியாளர்கள் கையில் எடுத்தார்கள். மீட்சி எல்லையைத் தாண்டாமல் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கி, சுமை நீங்கியதும் திருப்பித் தரும் என்பதே அவர்கள் கொடுத்த பொருள். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: எல்லை ஒன்று உண்டு, சுமை ஒரு கட்டத்தில் இறங்கியாக வேண்டும். எல்லை தாண்டினால் கம்பி வளைந்தது வளைந்ததுதான்.

மனிதர்களுக்கு இச்சொல் வந்தபோது அந்த இரண்டாவது பாதி மெல்ல நழுவிவிட்டது என்றே நினைக்கிறேன். உளவியலில் எம்மி வெர்னரின் ஆய்வை எல்லோரும் குறிப்பிடுவார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. வறுமையும் வீட்டுச் சிக்கலும் சேர்ந்து அழுத்திய பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். தாயோ பாட்டியோ ஆசிரியரோ, பற்றிக்கொள்ள ஒரு பெரியவர் அவர்களுக்கு இருந்தார் என்பது அதே ஆய்வு சொன்ன செய்திதான். இதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

புதுச் செவிலியரின் நிலைக்கு 1974இலேயே அமெரிக்கச் செவிலியர் மார்லின் கிராமர் ‘ரியாலிட்டி ஷாக்’ என்று பெயரிட்டார். முதலில் எல்லாம் புதுசு, உற்சாகம், அப்புறம் அதிர்ச்சி, பிறகு மெல்லத் தேறுதல், கடைசியில் ஒரு வழிக்கு வருதல். கல்லூரியில் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, பராமரிப்புத் திட்டம் எழுதி, மேடத்திடம் காட்டிக் கையெழுத்து வாங்கியவள். இங்கே நைட் டூட்டியில் பாதி வார்டு அவள் பொறுப்பு. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. வயதான அம்மாவுக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போட நரம்பு கிடைக்கவில்லை. குத்திய இடம் வீங்குகிறது. பக்கத்தில் மகன் சத்தம் போடுகிறார். எதிர்க் கட்டிலில் ஆக்சிஜன் அளவு இறங்கி மானிட்டர் கத்துகிறது. காலை ஹேண்டோவரில் இன்சார்ஜ் சிஸ்டர் கேட்கும் முதல் கேள்வி, இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் (நோயாளியின் உடலுக்குள் போன, வெளியேறிய நீரின் அளவைக் குறிக்கும் தாள்) நான்கு மணிக் கட்டம் ஏன் காலி என்பது. பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறி. அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும் பெண்ணிடம் ‘ரெசிலியன்ஸ் போதவில்லை’ என்பது நியாயமே இல்லை.

இனி தமிழுக்கு வருவோம். ‘மனவுறுதி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது அசையாமல் நிற்பதைச் சொல்கிறது, திரும்பி வருவதைச் சொல்லவில்லை. ‘தாங்குதிறன்’ கட்டடத்துக்குப் பொருந்தும். செவிலியருக்கு அதைப் போட்டால் ‘பொறுத்துப் போ’ என்ற தொனி வந்துவிடுகிறது. நான் அதைத் தவிர்ப்பேன். ‘நெகிழ்திறன்’ வளைவதோடு நின்றுவிடுகிறது. திருக்குறளின் 63ஆம் அதிகாரத் தலைப்பு ‘இடுக்கண் அழியாமை’. அருமையான தொடர், மிக அருகில் வருகிறது. ஆனாலும் அது துன்பத்தில் மனம் குலையாதவரைப் பேசுகிறது. தன் டூட்டியில் முதல்முறை ஒரு நோயாளி இறக்கும்போது புதுச் செவிலியர் குலையத்தான் செய்வார். குலைந்து, அழுது, மறுபடி வார்டுக்கு வருகிறவருக்கும் ஒரு சொல் வேண்டும்.

அதற்கு ‘மீள்திறன்’ சரியாக இருக்கிறது. மீள்தல் என்றால் திரும்பி வருதல், துன்பத்திலிருந்து விடுபடுதல். நோயிலிருந்து மீண்டார், கடனிலிருந்து மீண்டார் என்று தினமும் சொல்கிறோம். பள்ளி இயற்பியலில் ‘மீட்சிப் பண்பு’ என்று படித்ததும் இதே வேர். இதன் பிறவினை ‘மீட்டல்’. ஒருவர் மீள இன்னொருவர் மீட்கவும் செய்யலாம் என்பதை இந்த ஒரு வேரே சொல்லிவிடுகிறது. கூடவே நிற்கும் மூத்த சிஸ்டர், இரவுப் பணிக்குப் பின் கிடைக்கும் விடுப்பு, தவறைச் சொன்னால் திட்டாமல் கேட்கும் இன்சார்ஜ் எல்லாம் அந்த மீட்டலில் அடங்கும்.

பெயர்ச்சொல்லாக ‘மீள்திறன்’, அடைமொழியாக ‘மீள்திறனுள்ள’ என்று எழுதலாம். மேடைப் பேச்சில் ‘மீண்டெழும் திறன்’ என்று விரித்தால் கேட்பவர்களுக்கு உடனே புரியும்.