ஓட்டையை எண்ணினால் ஆள் தெரியும்

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். டொராண்டோவில் வேலை பார்க்கும் மகன், ஐஸ் ஹாக்கி ஜெர்ஸி ஒன்றை ஏலத்தில் எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். “17-ம் நம்பர் ஆள் மேட்சுல போட்டதாம் சார். கடையில வாங்கறதுக்கும் இதுக்கும் விலை எங்கேயோ இருக்கு. எப்படி சார் நம்பறது?”

நியாயமான கேள்வி. வேலூர் வெயிலில் அந்தக் கனத்த ஜெர்ஸியை மாட்டிப் பார்க்க எங்கள் இருவருக்குமே தெம்பில்லை. கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, கொசப்பேட்டையில் எனக்குப் பழக்கமான டெய்லர் கடைக்குப் போனோம்.

முதல் கட்டச் சோதனைகள் சுலபம். என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் அணிகளுக்கு அடிடாஸ் ஜெர்ஸி வந்தது 2017-ல். 2010-ல் ஆடியது என்று சொல்லும் ஜெர்ஸியில் அடிடாஸ் லேபிள் இருந்தால் அத்தோடு மடித்து வைத்துவிடலாம். அடுத்தது, முதுகின் உட்புறம் தைத்திருக்கும் பட்டை. ஐஸ் ஹாக்கியில் அடிதடி சகஜம். எதிராளியின் ஜெர்ஸியைத் தலைக்கு மேல் இழுத்துக் கண்ணை மறைத்துவிட்டுக் குத்துவார்கள். ராப் ரே என்ற ஆட்டக்காரர் சண்டை வந்தாலே ஜெர்ஸியைக் கழற்றி எறிந்துவிடுவார், பிடிக்க எதுவும் சிக்காது. இதற்கெல்லாம் முடிவுகட்டத்தான் ஜெர்ஸியைப் பேன்ட்டோடு பிணைக்கும் பட்டை கட்டாயமானது. கடையில் விற்கும் விலை உயர்ந்த ரகத்திலும் இப்போது பட்டை உண்டு. ஆகவே அது இழுபட்டுத் தளர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. எங்களிடம் இருந்தது நன்றாகவே தளர்ந்திருந்தது.

பிறகு தேய்மானம். மைதானத்தைச் சுற்றி நிற்கும் பிளாஸ்டிக் தடுப்புச் சுவரில் 90 கிலோ ஆள் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் மோதினால், இயக்க ஆற்றலுக்கான அரை எம்வி ஸ்கொயர் கணக்கில் 2,880 ஜூல். அதில் ஒரு பங்கு, உரசும் இடத்தில் கண் இமைக்கும் நேரத்தில் வெப்பமாகிறது. பாலியஸ்டர் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. அதனால் நூலின் நுனி மட்டும் உருகும். சுமார் 260 டிகிரியில் அது திரவம். ஆறும்போது பரப்பு இழுவிசை அதை உருண்டையாக்கிவிடும். ஜெர்ஸியின் முழங்கைப் பக்கம் பூதக்கண்ணாடியை வைத்தேன். தீக்குச்சித் தலை போலக் குட்டிக் குட்டியாக முடிச்சுகள். உப்புத்தாளை வைத்து நிதானமாகத் தேய்த்துப் பழசாக்கினால் இப்படி வராது. நூல் பிய்ந்து பிசிறடிக்கும். ஆனால் வேகமாகச் சுழலும் பாலிஷ் சக்கரத்தை வைத்து ஏமாற்ற நினைத்தால் இதையும் செய்யலாம். தேய்மானம் ‘யாரோ போட்டார்கள்’ என்று வேண்டுமானால் சொல்லும், ‘இன்னார் போட்டார்’ என்று சொல்லாது.

இன்னார் என்று சொல்ல வைப்பது போட்டோ மேட்சிங், அதாவது மேட்சில் எடுத்த படத்தோடு ஜெர்ஸியை ஒப்பிடுவது. எனக்கு இதில் ஒரு தனிக் கிறுக்கே உண்டு.

இந்த ஜெர்ஸித் துணி நுண்ணிய ஓட்டைகள் கொண்ட பின்னல். ஓட்டைகள் கிராஃப் தாளின் கட்டங்கள் போல வரிசை தப்பாமல் நிற்கும். எண்ணோ வேறொரு கெட்டித் துணியில் வெட்டி, ஒருவர் கையால் வைத்து, மெஷினில் ஜிக்ஜாக் ஓட்டியது. கைதேர்ந்த ஆளானாலும் ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி ஆகும். ஒரு ஜெர்ஸியில் 7-ன் மூலை ஓட்டையின் நட்டநடுவில் விழும். இன்னொன்றில் இரண்டு ஓட்டைகளுக்கு இடையே நூலில் நிற்கும். தைத்த எண் இடவலமாக நகர்ந்திருக்கலாம், மேல்கீழாக நகர்ந்திருக்கலாம், லேசாகச் சாய்ந்திருக்கலாம். ஆக மூன்று விதம். இரண்டு இலக்கம் என்றால் ஆறு. ஒவ்வொரு விதத்திலும் கண்ணால் பிரித்தறியக்கூடிய நிலைகள் பத்து என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்தை ஆறு முறை பெருக்கினால் பத்து லட்சம். ஒரு ஆட்டக்காரர் ஒரு சீசனில் போடும் சில ஜெர்ஸிகளைப் பிரித்துச் சொல்ல இது தாராளம்.

துணி இழுபடுமே என்பீர்கள். இழுபடட்டும். ரப்பர் தாளில் கோலம் போட்டு எப்படி இழுத்தாலும், கோட்டுக்கு உள்ளே எத்தனை புள்ளி என்பது மாறுமா? அதனால்தான் ஸ்கேல் வைத்து அளப்பதைவிட ஓட்டையை எண்ணுவது மேல். மேட்சில் எடுத்த தெளிவான போட்டோ ஒன்று கிடைத்தால் போதும்.

1986-ல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா போட்ட சட்டை 2022-ல் சோதபீஸ் ஏலத்துக்கு வந்தபோது, அது முதல் பாதியில் போட்டது, கோல் அடித்தபோது போட்டதல்ல என்று அவர் குடும்பத்தார் மறுத்தார்கள். சின்னம், கோடுகள், எண் ஆகியவற்றின் நுணுக்கங்களை அன்றைய படங்களோடு ஒப்பிட்டுத்தான் ஏலக்காரர்கள் பதில் சொன்னார்கள். சட்டை 71 லட்சம் பவுனுக்குப் போனது.

இவ்வளவு இருந்தும் பலர் நம்புவது பளபளக்கும் ஹாலோகிராம் ஒட்டிய சான்றிதழைத்தான். எந்தப் படத்தோடு, எந்த இடம் பொருந்தியது என்று சொல்லாத சான்றிதழ் என்னைப் பொறுத்தவரை தாயத்துதான். இன்னொரு ஆதங்கமும் உண்டு. 1980-ல் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் நம் ஹாக்கி அணி மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த ஆட்டத்தின் படங்களைத் தேடி எடுத்து, நாளை இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் பெரிதாக ஸ்கேன் செய்து வைக்க ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் என்ன? சிலை வைக்க ஆகும் செலவில் கால்வாசிகூட ஆகாது.

சரி, காந்தி நகர் ஜெர்ஸி. மகன் அனுப்பிய மேட்ச் போட்டோவை லேப்டாப்பில் பெரிதாக்கினோம். படத்தில் 1-ன் அடிப்பகுதிக்கும் 7-ன் அடிப்பகுதிக்கும் இடையே ஒன்பது ஓட்டைகள். மேஜையில் இருந்ததில் பதினொன்று. மூன்று தரம் எண்ணியும் பதினொன்றுதான். வாசகர் முகம் வாடிவிட்டது.

டெய்லர் ஒன்றும் பேசாமல் ஜெர்ஸியை உள்புறமாகத் திருப்பினார். “இங்க முன்னாடி வேற நம்பர் இருந்திருக்கு சார்.” 17-ன் தையலுக்கு வெளியே, நூல் இல்லாத ஊசித் துளைகள் வரிசையாக வளைந்து போயின. மார்க்கிங் சாக்கை எடுத்து அவற்றைத் தொட்டுக்கொண்டே போனார். “ஐயோ, கறை படும்பா!” என்று வாசகர் பதற, “தட்டுனா போயிடும் சார்” என்றார் தலை நிமிராமல். உள்புறம் என்பதால் உரு இடம் வலம் மாறி வந்தது. டிரையல் ரூம் கண்ணாடிக்கு முன் தூக்கிப் பிடித்தோம். கண்ணாடியில் நேராகத் தெரிந்தது 28.

அங்கே ராத்திரி இரண்டு மணி. வாசகர் அதெல்லாம் பார்க்கவில்லை, வாட்ஸ்அப்பில் மகனை எழுப்பிவிட்டார். “டேய், அந்த டீம்ல 28 யாருடா?”