அரைக் கிலோவுக்கு ஏன் கை நடுங்குகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 52. சர்க்கரை உண்டு. போன வருஷம் வலது தோள் இறுகிப்போய், தலை பின்னக்கூட கை எழாமல் ஆறேழு மாதம் அவதிப்பட்டாள். பிசியோ சிகிச்சையில் கை ஓரளவு மேலே போக ஆரம்பித்ததும், அரைக் கிலோ டம்பெல் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அக்காவுக்குச் சிரிப்பு. வாங்கி வந்து கையைப் பக்கவாட்டில் நீட்டித் தூக்கினாள். எட்டாவது தடவையில் கை வெலவெலத்தது.

"உழவர் சந்தையிலேர்ந்து அஞ்சு கிலோ காய்கறிப் பையை இதே கையாலதான்டா தூக்கிக்கிட்டு வரேன். இதுல எடை சரியாத்தான் போட்டிருக்கானா?"

பிளஸ் டூ பசங்களுக்கு இயற்பியல் நடத்துகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். டம்பெல் வாங்கப் போகிற யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுவே. டம்பெல்லில் அச்சடித்திருக்கும் எண் ஒன்று, தோள் உணரும் சுமை வேறொன்று.

பை தொங்கும்போது அதன் எடை தோளுக்கு நேர் கீழே இறங்குகிறது. தோள் மூட்டிலிருந்து பக்கவாட்டில் அதற்குத் தூரமே இல்லை. விரல்கள் இறுகப் பிடிக்க வேண்டும், கழுத்தோரத் தசை தாங்க வேண்டும், அவ்வளவுதான். கையைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டால் கதை மாறுகிறது. அப்போது எடையையும் தூரத்தையும் பெருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன் என்று படித்தோமே, அது. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு ஒட்டி வைத்து நடக்கும் பெண்கள் இந்தக் கணக்கைப் போடாமலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதே குடத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்து நாலடி நடந்து பாருங்கள்.

கையே ஒரு சுமை என்பதையும் மறந்துவிடுகிறோம். ஒரு முழுக் கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். 60 கிலோ இருப்பவருக்கு 3 கிலோ. அந்த எடையின் மையம் முழங்கைப் பக்கம், தோளிலிருந்து சுமார் 30 செ.மீ. தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 3ஐ 30ஆல் பெருக்கினால் 90. உள்ளங்கை 60 செ.மீ. தூரத்தில் இருந்தால், அரைக் கிலோ டம்பெல் அதோடு 30ஐச் சேர்க்கிறது. மொத்தம் 120. ஒரு கிலோவுக்கு 150. இரண்டு கிலோவுக்கு 210.

கையைத் தூக்கும் டெல்டாய்டு தசைக்கு வாய்த்த நெம்புகோல் படுமோசமானது. மூட்டின் அச்சிலிருந்து அது இழுக்கும் தூரம் 3 செ.மீ. என்று கொண்டால், வெறும் கையை நீட்டிப் பிடிக்கவே 30 கிலோவுக்குச் சமமான விசையில் இழுக்க வேண்டும். அரைக் கிலோ டம்பெல்லோடு 40. ஒரு கிலோவோடு 50. நீங்கள் கூட்டும் ஒவ்வொரு அரைக் கிலோவும் தசைக்குப் பத்துக் கிலோ. ஆளுக்கு ஆள் அளவு கொஞ்சம் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. இதைச் சொன்ன பிறகுதான் அக்கா கடைக்காரரை விட்டாள்.

கடையில் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1 கிலோ ஜோடி, 2 கிலோ ஜோடி, 5 கிலோ ஜோடி என்று அடுக்கியிருப்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது சின்ன அடி மாதிரித் தெரியும். மேலே உள்ள கணக்கில் அது 150லிருந்து 210, அதாவது 40 சதவீத ஏற்றம். நோய்ப்பட்ட தோளுக்கு அது அடியில்லை, தாவல். அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று போனால் ஒவ்வொரு படியும் 25 சதவீதத்தைத் தாண்டாது. மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாங்குகிறவர்கள் ஒரு பெரிய ஜோடிக்குக் கொடுக்கும் காசில் இப்படிச் சிறு படிகளாக வாங்குவது மேல். ஒன்றரை கிடைக்கவில்லையென்றால் இரண்டையே முழங்கையை மடக்கித் தூக்கலாம். தூரம் பாதியாகக் குறைவதால் டம்பெல் சேர்க்கும் சுமையும் பாதியாகிவிடும்.

வீட்டில் பலர் செய்யும் ஒரு பயிற்சியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நின்றபடி முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகைக்கு மடக்கி, டம்பெல்லோடு முன்கையை வெளிப்பக்கம் திருப்புவார்கள். தோளுக்குள்ளே எலும்பைக் குழியில் பிடித்து வைத்திருக்கும் ரோட்டேட்டர் கஃப் தசைகளை வலுவாக்குகிறோம் என்று நினைப்பு. புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கிறது, கை கிடைமட்டமாகத் திரும்புகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. ஆகவே அந்தத் தசைகளுக்கு எதிர்ப்பு ஏறத்தாழ பூஜ்யம். டம்பெல் விழாமல் தாங்கும் புஜத்தசை மட்டும் வீணாகக் களைக்கும். இதையே நல்ல கைப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் கையால் செய்தால் முன்கை புவியீர்ப்பை எதிர்த்து எழ வேண்டும். அப்போது அரைக் கிலோ என்பது நிஜமாகவே அரைக் கிலோ. படுக்க முடியாதவர்களுக்கு ரப்பர் பட்டைதான் சரி. அது எந்தத் திசைக்கும் இழுக்கும்.

டம்பெல் விற்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் "டோனிங்" என்ற சொல்லுக்கு வருவோம். உடலியலில் தசைத் தொனி என்றால், ஓய்வில் இருக்கும்போதும் தசையில் மிச்சமிருக்கும் இழுவிறைப்பு. கடைகளில் சொல்லும் டோனிங் அதுவல்ல. தசை கொஞ்சம் வளர்ந்து, அதன் மேலுள்ள கொழுப்பு கொஞ்சம் குறைந்தால் கை உருவமாகத் தெரிகிறது, அதற்குத்தான் இந்தப் பெயர். கை வேலை செய்வதால் கைக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரைந்துவிடாது. எரிபொருள் வேண்டும்போது கொழுப்பு உடல் முழுவதிலுமிருந்து ரத்தத்தில் கலந்து வருகிறது. ரோஸ் நிறம் பூசிய 'லேடீஸ் டம்பெல்'லும் கறுப்பு நிற டம்பெல்லும் இதில் ஒன்றே.

ஆனால் லேசான எடை வீண் என்று நினைத்துவிட வேண்டாம். எல்வுட் ஹென்னிமன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1950களிலும் 60களிலும் கண்டு சொன்னது இது: மூளை முதலில் சிறிய நரம்புத்தசை அலகுகளைத்தான் (ஒரு நரம்பு செல்லும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்தது ஓர் அலகு) வேலைக்கு அழைக்கிறது. அவை போதாமல் போகும்போதுதான் பெரியவை வருகின்றன. கனமான எடை என்றால் எல்லாரும் உடனே ஓடி வர வேண்டும். லேசான எடையிலும், சிறியவை களைக்கக் களைக்க, கடைசிச் சில தடவைகளில் பெரியவையும் வந்து சேர்கின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வொன்று 2012இல் இதைத் தொடைத் தசையில் சோதித்தது. ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் வெறும் 30 சதவீதத்தைக்கொண்டு இனி முடியாது என்னும்வரை செய்தபோதும், 80 சதவீதத்தில் செய்ததைப் போலவே தசை வளர்ந்தது. ஒரே தடவையில் பெரிய எடையைத் தூக்கும் பலத்தில் மட்டும் 80 சதவீதக்காரர்கள் முந்தினார்கள்.

அப்படியானால் வீட்டில் எது சரியான எடை? மெதுவாக 12 முதல் 15 தடவை தூக்கும்போது கடைசி இரண்டு மூன்று தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். முப்பது தாண்டியும் பேசிக்கொண்டே தூக்க முடிகிறதா, அந்த டம்பெல்லின் காலம் முடிந்துவிட்டது. தோள் காதை நோக்கி ஏறுகிறது, உடம்பு மறுபக்கம் சாய்கிறது, மூச்சு நின்று முகம் இறுகுகிறது என்றால் எடை அதிகம். மூச்சை அடக்கித் தூக்குவது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும், பிரஷர் இருப்பவர்களுக்கு ஆகாது. இறக்குவதை அவசரப்படாமல் மூன்று எண்ணி இறக்குங்கள். நீண்டுகொண்டே எடையைத் தாங்கும்போது தசை பெறும் தூண்டுதல் கணிசமானது, வீசி ஆட்டினால் அது பெரும்பாலும் போய்விடும். மறுநாள் காலையும் வலி கூடுதலாகவே இருந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். இரவில் தூங்கவிடாத வலி, விரல் மரத்துப்போவது என்றால் டம்பெல்லை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அரைக் கிலோவிலேயே ஆயுசுக்கும் நிற்பதும் தப்புதான். தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு எடையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும் முறையைப் பயன்படுத்தி 1945இல் எழுதினார். பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற எடைதான் அவருடைய அளவுகோல், பலம் கூடக் கூட எடையும் கூட வேண்டும். லேசாகப் பலமுறை ஆட்டுவதே சிகிச்சை என்று இருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல். தசை சில வாரங்களில் தேறிவிடும், தசையை எலும்போடு கட்டும் தசைநாண், ரத்த ஓட்டம் குறைந்தது என்பதால், பின்தங்கியே வரும். படி சிறிதாக இருக்க வேண்டியது அந்தத் தசைநாணுக்காகத்தான்.

எதில் செய்த டம்பெல் என்பதும் கடலூர், புதுச்சேரி போன்ற ஊர்களில் சின்ன விஷயமில்லை. தேவனாம்பட்டினம் கடற்காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிறது. காற்றில் வரும் உப்பு ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேல் துருவை வேகப்படுத்தும் மின்பகு படலமாக நிற்கும், உள்ளங்கை வியர்வை வேறு சேரும். மூடாத வார்ப்பிரும்பு ஒரு மழைக்காலத்தில் சொரசொரத்துவிடும், குரோம் பூச்சு உரியும். வினைல் பூச்சு துடைக்க எளிது, வியர்த்தால் வழுக்கும். நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் உறை வழுக்காது, காய வைக்காவிட்டால் நாறும். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமெண்ட் நிரப்பியது விலை மலிவு. சிமெண்ட்டின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், ஆகவே அதே எடைக்கு உருவம் பெருத்து இடுப்பில் இடிக்கும், விழுந்தால் விரியும். அறுகோணத் தலை உருளாது. பிடி 3 செ.மீ. சுற்றளவில் இல்லை, குறுக்களவில் இருக்க வேண்டும். வாங்கும்போது விரல்கள் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும்.

தொடங்கும்போது காசு செலவழிக்க மனமில்லையா? அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ. உலர்ந்த மணல் நிரப்பினால் அதுவே முக்கால் கிலோவைத் தாண்டும். ஒரு லிட்டர் பாட்டில் மட்டும் வேண்டாம், பிடி பருத்திருப்பதால் தோளுக்கு முன்னால் விரல்கள் களைத்துவிடும்.

அக்கா இப்போது ஒன்றரையில் இருக்கிறாள், கை தலைக்கு மேல் போகிறது. அந்த அரைக் கிலோ, வினைல் பூசியது, துருக் கறை படியாது என்பதால் மொட்டைமாடிக்குப் போய்விட்டது. வடாம் காயும் வேட்டி கடற்காற்றில் பறக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.