மூன்று சக்கரமும் ஆறு கிலோமீட்டரும்

இறுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மின்சார வண்டியான மொபிலிட்டி ஸ்கூட்டரைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் நாற்பது ஆண்டுகள் பழகிய கை, எதிரே ஏதாவது குறுக்கிட்டால் யோசிக்காமல் கைப்பிடியை இறுக்கும். அந்த வண்டிகளில் அப்படி இறுக்கினால் பிரேக் பிடிக்கும். மொபிலிட்டி ஸ்கூட்டரிலோ கைப்பிடிக்கு அருகில் இருக்கும் நெம்புகோல்தான் வண்டியை ஓட்டுவது. சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கக் கிளம்பிய பெரியவர் முன்னால் ஒரு குழந்தை ஓடிவந்தால், பதற்றத்தில் அவர் கை செய்யும் வேலை வண்டியை முழு வேகத்தில் முன்னே தள்ளுவதாக இருக்கலாம். விற்கிற கடைக்காரர் மின்கலம் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று விரிவாகச் சொல்வார். இதைச் சொல்ல மறந்துவிடுவார்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. ஸ்கூட்டரின் மோட்டார் அச்சில் ஒரு வட்டத்தகடு இருக்கிறது. வலுவான சுருள்வில் ஒன்று அதை எப்போதும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் மின்காந்தத்தில் மின்சாரம் பாய்ந்தால்தான் அது வில்லை இழுத்துத் தகட்டை விடுவிக்கும். அதாவது மின்சாரம் இங்கே பிரேக்கைப் பிடிப்பதில்லை, அவிழ்க்கிறது. மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், ஓட்டுபவர் மயங்கிக் கை நழுவினாலும் வில் தன் வேலையைச் செய்துவிடும். நாம் தினமும் ஏறி இறங்கும் வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியிலும் இதே தத்துவம்தான். நெம்புகோலை விட்டவுடன் முதலில் மோட்டாரே மின்னாக்கியைப் போல எதிர்த்து நின்று வேகத்தைக் குறைக்கும். வண்டி ஏறக்குறைய நின்ற பிறகு வில் வந்து பூட்டும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. வண்டியைக் கையால் தள்ள வேண்டிய நேரத்துக்காக, இருக்கைக்குப் பின்பக்கம் கீழே ஒரு சிறிய நெம்புகோல் வைத்திருப்பார்கள். அதைத் திருப்பினால் பிரேக்கும் மோட்டாரும் சக்கரத்தோடு இருக்கும் தொடர்பை விட்டுவிடும். பெரும்பாலான வண்டிகள் அந்த நிலையில் ஓட மறுக்கும். ஆனால் சரிவில் தானாக உருளுவதை எதுவும் தடுக்காது. தள்ளிக்கொண்டு வந்த பணிப்பெண்ணோ மகனோ அதைத் திரும்பப் போடாமல் சாய்தளத்தின் உச்சியில் பெரியவரை உட்கார வைத்தால், அப்போது அது பிரேக்கே இல்லாத நாற்காலி.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ‘தி வில்லேஜஸ்’ என்ற ஓய்வுக்கால நகரம் இருக்கிறது. அங்கே முதியவர்கள் கடைக்கும் தேவாலயத்துக்கும் கோல்ஃப் வண்டியில்தான் போகிறார்கள். சாதாரண கோல்ஃப் வண்டி மணிக்கு சுமார் 24 கிலோமீட்டர் வரை ஓடும். அதைவிட வேகமாக, 40 வரை ஓடக்கூடிய சிறு வண்டிகளை அமெரிக்க அரசு 1998இல் தனி வகையாக்கி, இருக்கைப் பட்டையும் விளக்குகளும் கட்டாயம் என்றது. கோல்ஃப் வண்டிகளில் பலவற்றுக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் போய்விடும். பின் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்புக் குறையும், பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கித் திரும்பும். சிங்கப்பூரில் கோல்ஃப் வண்டியில் யாரும் சந்தைக்குப் போவதில்லை. 2018இல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டி போன்ற முதியோர் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் நாம் பார்ப்பது மொபிலிட்டி ஸ்கூட்டரைத்தான். ஆனால் அதிலும் மோட்டார் பின்னால், பிரேக்கும் பின்னால். அங்கே நடக்கும் இயற்பியல் இங்கேயும் நடக்கும்.

அதனால்தான் 10ஆ 6ஆ என்ற வாக்குவாதத்தில் எனக்கு ஆர்வம். நடமாட்ட உதவிச் சாதனங்களின் வேக வரம்பை மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6 ஆகக் குறைக்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2025 பிப்ரவரியில் நிறைவேற்றியது. ஸ்கூட்டர் ஓட்ட மருத்துவச் சான்று வேண்டும் என்பதும் அதில் அடக்கம். “பத்தே நத்தை வேகம், அதையும் குறைப்பதா?” என்று காப்பிக்கடையில் குறைபட்டுக்கொண்டவர்கள் நிறைய. உடல் நலமாக இருந்தும் உணவு விநியோகத்துக்கு இந்த வண்டியைப் பயன்படுத்தியவர்களைக் கட்டுப்படுத்தத்தான் இந்தச் சட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நோக்கமும் இருந்தது. ஆனால் 6 என்ற எண்ணுக்கு வேறொரு நியாயமும் உண்டு, அது வண்டியின் வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர அளவுள்ள ஒரு ஸ்கூட்டர். பின் சக்கரங்களுக்கு இடையே 54 செண்டிமீட்டர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 85 செண்டிமீட்டர். ஆள் உட்கார்ந்த பிறகு, வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையப்புள்ளி தரையிலிருந்து 60 செண்டிமீட்டர் உயரத்தில், பின் அச்சிலிருந்து சுமார் 28 செண்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டரில் மிகக் கனமான பொருள் பெரும்பாலும் ஓட்டுபவர்தான், அவரோ உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் மையப்புள்ளி இவ்வளவு மேலே இருக்கிறது.

வண்டி திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். அந்தத் தள்ளலின் அளவு, வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் ஆரத்தில், அதாவது மின்தூக்கி வாசலில் திரும்புவதுபோலச் சட்டென்று திரும்பினால், மணிக்கு 10 கிலோமீட்டரில் இந்தத் தள்ளல் புவியீர்ப்பின் 0.52 பங்கு. 6 கிலோமீட்டரில் வெறும் 0.19 பங்கு. வேகம் பாதியாகக்கூடக் குறையவில்லை, தள்ளலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வர்க்கம் செய்யும் வேலை இது.

வண்டி எவ்வளவு தாங்கும்? நான்கு சக்கர வண்டியில் மையப்புள்ளியிலிருந்து ஓரத்துக்கு 27 செண்டிமீட்டர். அதை உயரமான 60ஆல் வகுத்தால் 0.45. மூன்று சக்கர வண்டியின் சக்கரங்களைக் கோட்டால் இணைத்தால் முக்கோணம்தான் கிடைக்கும். முன்னே போகப் போக அது குறுகும். மையப்புள்ளி இருக்கும் இடத்தில் ஓரத்துக்கு உள்ள தூரம் 18 செண்டிமீட்டர்தான். தாங்கும் அளவு 0.30. ஆக, 10 கிலோமீட்டரில் இப்படித் திரும்பினால் மூன்று சக்கரம் மட்டுமன்றி நான்கு சக்கரமும் கவிழும். 6 கிலோமீட்டரில் இரண்டும் நிற்கும். நத்தை வேகம் என்று சொன்னவர்களிடம் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன்.

ஆனால் 6 என்றால் எப்போதும் பத்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். இப்போது அதே மூன்று சக்கர வண்டியைச் சாய்தளத்தில் இறக்குவோம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவு இங்கே கட்டடங்களில் வழக்கமான ஒன்று. அதில் மையப்புள்ளியின் பாரம் 5 செண்டிமீட்டர் முன்னே நகர்கிறது. இறங்கும்போது நெம்புகோலை விட்டு மிதமாக வேகம் குறைத்தால் இன்னும் சுமார் 12 செண்டிமீட்டர். முக்கோணத்தின் குறுகிய மூக்கை நோக்கி மொத்தம் 17 செண்டிமீட்டர் போய்விட்டது. அங்கே ஓரத்துக்கு 12 அல்லது 13 செண்டிமீட்டர்தான் மிச்சம். தாங்கும் அளவு 0.30இலிருந்து 0.21க்கு இறங்கிவிட்டது. சாய்தளத்தின் அடியில், இன்னும் சமதளத்துக்கு வராமலே, 6 கிலோமீட்டரில் அந்த ஒன்றரை மீட்டர் திருப்பத்தைப் போட்டால் தள்ளல் 0.19. இடைவெளி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கைப்பிடியில் ஒரு பக்கம் ஐந்து கிலோ அரிசிப் பை தொங்கினால் அந்த மிச்சமும் போயிற்று.

எனவே சாய்தளத்தில் நேராக இறங்கி, சமதளத்தில் நின்று, பிறகு திரும்ப வேண்டும். மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் சுலபமாகத் திரும்பும் என்பதற்காகத்தான் விற்கப்படுகிறது. வீட்டுக்குள்ளும் மின்தூக்கியிலும் அது உண்மைதான். ஆனால் வெளியே சரிவுகளில் அதிகம் போகிறவருக்கு நான்கு சக்கரம்தான் என் தேர்வு. திரும்பும்போது தானாக வேகம் குறையும் வண்டிகளும் சந்தையில் இருக்கின்றன. கூடுதல் பணம் கொடுக்க வேண்டும் என்றால், மெத்தை இருக்கைக்குக் கொடுக்காமல் அதற்குக் கொடுக்கலாம். ஏறும்போது ஆபத்து எதிர்த்திசையில்: இருக்கையின் முதுகில் மாட்டிய பை, எடையைப் பின் அச்சுக்கு வெளியே இழுக்கும். பின்னால் சின்னதாக இரண்டு உருளைகள் வைத்திருப்பது மல்லாந்து விழாமல் தடுக்கத்தான். இடிக்கிறது என்று அவற்றைக் கழற்றிவிடக் கூடாது.

நடைபாதையை விட்டுச் சாலைக்கு வருவோம். அங்கே ஆபத்து ஸ்கூட்டரின் வேகத்தில் இல்லை, காரின் வேகத்தில் இருக்கிறது. வாகனவோட்டி ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி எடுத்துக்கொள்கிறார், சாலை மழையில் நனைந்திருக்கிறது என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் சுமார் 18 மீட்டரில் நின்றுவிடும். 40இல் வரும் கார் நிற்க 27 மீட்டர் வேண்டும். 50இல் வருவதற்கு 37 மீட்டர். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். 50இல் வரும் கார் அந்த ஒன்றரை விநாடியிலேயே 20 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், மூன்றாவது கார் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. இரண்டாவது கார் அதே இடத்தை இன்னும் 36 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கடக்கும்.

நிலப் போக்குவரத்து ஆணையம் 2014 முதல் முதியோர் அதிகம் வாழும் வட்டாரங்களில் அமைத்துவரும் ‘சில்வர் ஸோன்’ இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அங்கே வேக வரம்பு 40, முடிந்த இடங்களில் 30. வெறும் பலகை வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பொறியாளர்களுக்குத் தெரியும். அதனால் சாலையை வேண்டுமென்றே லேசாக வளைத்து, குறுக்கி, மேடு வைத்து, காலே தானாக முடுக்கியிலிருந்து எழும்படி செய்கிறார்கள். நடுவில் ஒரு திட்டு வைத்து, ஒரு திசைப் போக்குவரத்தை மட்டும் பார்த்துப் பாதி கடந்து, நின்று மூச்சு வாங்கி, மீதியைக் கடக்க வழி செய்கிறார்கள். அந்தத் திட்டுதான் இந்த ஏற்பாட்டிலேயே எனக்குப் பிடித்தது. இரண்டு பக்கமும் வரும் கார்களின் தூரத்தையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் கணிப்பது வயதானால் கடினம். திட்டு அந்தக் கணக்கை இரண்டு எளிய கணக்குகளாக்கிவிடுகிறது.

சிக்னல் இருக்கும் இடங்களில் ‘கிரீன் மேன் பிளஸ்’ உண்டு. 2009இல் வந்தது. பொத்தானுக்கு மேலே இருக்கும் பெட்டியில் மூத்த குடிமக்கள் சலுகை அட்டையைக் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்துப் பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடி கூடுதலாக நிற்பான். அட்டைக்குள் மின்கலம் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் விநாடிக்கு 1.356 கோடி முறை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அட்டையைச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பியில் அந்தப் புலம் மின்சாரத்தைத் தூண்ட, அதை உண்டு சில்லு விழித்துத் தன் விவரத்தைச் சொல்கிறது. பதினான்கு மீட்டர் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 விநாடிக்குள் கடப்பார். 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு 17 விநாடிக்கு மேல் ஆகும். வித்தியாசம் ஆறு விநாடி, அதைத்தான் அட்டை வாங்கித் தருகிறது.

ஸ்கூட்டரில் வருபவருக்கு அந்த ஆறு விநாடி தேவையே இல்லை. 6 கிலோமீட்டரில் அவர் எட்டரை விநாடியில் அக்கரை சேர்ந்துவிடுவார். அவருடைய பிரச்சினை வேறு. வலப்புறம் திரும்பக் காத்திருக்கும் வாகனவோட்டி, எதிரே வரும் கார்களுக்கு இடையே இடைவெளி தேடிக்கொண்டிருப்பார். கடக்கும் இடத்தை ஒருமுறை பார்த்தார், ஆளில்லை. அடுத்த இரண்டு விநாடிக்குள் ஸ்கூட்டர் மூன்று மீட்டர் சாலைக்குள் வந்துவிட்டது. நடந்துவரும் முதியவரிடம் இந்தத் திடுக்கிடல் கிடையாது. எதிர்த்திசைக் கார்களையும் கடப்பவர்களையும் ஒரே நேரத்தில் கவனிக்க வைக்கும் இந்தத் திருப்பத்தை, 2018 முதல் சந்திப்பு சந்திப்பாக அம்புக்குறி விளக்குகளைப் பொருத்தி ஆணையம் ஒழித்துவருகிறது. தாமதமாகிறது என்று வாகனவோட்டிகள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

அம்புக்குறி இல்லாத இடங்களிலும், புளோக் கார்நிறுத்துமிட வாசல்களிலும் இன்னொரு சிக்கல் மிஞ்சுகிறது. உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் 135 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சாதாரண காரின் கூரையே 145க்கு மேல். நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னால் அவர் முழுதாக மறைந்துவிடுவார். ஓடும் காருக்குள்ளேயும் ஒரு மறைப்பு உண்டு. முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் பத்து செண்டிமீட்டர் அகலம், கண்ணிலிருந்து எழுபது செண்டிமீட்டர் தூரம் என்றால், பதினைந்து மீட்டர் தள்ளி அது இரு கண்ணுக்கும் சேர்த்தே 80 செண்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். பொதுப் பாதையில் ஓட அனுமதிக்கப்படும் ஸ்கூட்டரின் அதிகபட்ச அகலம் 70. நம் கார்களில் ஓட்டுபவர் வலப்புறம் உட்காருவதால், வலப்புறம் திரும்பும்போது கண்ணுக்கு மிக அருகிலிருக்கும் தூண்தான் கடக்கும் இடத்தை மறைக்கிறது. கார் திரும்பத் திரும்ப, ஸ்கூட்டரும் நகர நகர, இரண்டும் ஒத்துப்போனால் தூண் அவரை விடாமல் மறைத்துக்கொண்டே வரும். திரும்புவதற்கு முன் உடலை ஒரு சாண் முன்னே சாய்த்து, பிறகு பின்னே சாய்த்துப் பார்த்தால் தூணின் நிழல் பக்கவாட்டில் விலகி அவர் தெரிவார். தலையை மட்டும் திருப்பினால் போதாது, கண் இருக்கும் இடமே மாற வேண்டும்.