கறுத்த ரூபாய்: எடை, தண்ணீர், ஆண்டு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய பங்களாவைக் காலி செய்து விற்கும் சாமான்களில், பூட்டுப் பெட்டிக்குள்ளோ தையல் மெஷின் டிராயரிலோ ஒரு கறுத்த காசு கிடக்கும். கையில் கிடைத்தவுடன் புளி போட்டுத் தேய்க்கத்தான் பலருக்கும் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். செம்புக் காசின் மேல் நூறு வருடமாகப் படிந்த பழுப்புப் படலத்தைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். அடியிலிருந்து ரோஜா நிறத்தில் வெறும் செம்பு எட்டிப் பார்க்கும். அந்தப் படலம் திரும்ப வராது. வெள்ளிக் காசின் கறுப்பு கந்தகம் பட்டதால் வந்தது. அதைப் பாத்திரம் துலக்கும் பவுடரால் தேய்த்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

அடுத்தது எடை. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய எலக்ட்ரானிக் தராசு வேண்டும். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 1835 முதல் 11.66 கிராம், குறுக்களவு சுமார் 30.5 மில்லிமீட்டர். 11.66 கிராம் என்பது ஒரு தோலா. நாட்டு மருந்துக் குறிப்புகளில் வரும் ‘ஒரு ரூபாய் எடை’ இதுதான். தேய்ந்த காசு 11.4 கிராம் காட்டலாம். 11.8 காட்டினால் யோசிக்க வேண்டும். தேய்மானம் எடையைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. கூடியிருந்தால் பற்றவைப்பு ஈயம் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது காசே போலி. ஒரு காலத்தில் மாலையில் கோத்த காசுகளின் விளிம்பில், வளையம் பற்றவைத்த தழும்பு ஓரிடத்தில் அரம் பட்டுத் தட்டையாகத் தெரியும்.

எடை சரியாக இருப்பதால் மட்டும் வெள்ளி என்று சொல்லிவிட முடியாது. உலோகத்தைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் உதவும். ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தண்ணீர் காசை மேலே தள்ளுகிறது. அதே விசையில் காசு தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. தராசு காட்டும் எண் அந்த அழுத்தம், அதாவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காற்றில் பார்த்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

1835 முதல் 1939 வரையிலான ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. அதன் அடர்த்தி சுமார் 10.3. எனவே 11.66 கிராம் காசு தண்ணீரில் 1.13 காட்ட வேண்டும். 1940 முதல் 1945 வரை வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அந்த ரூபாய் 1.22 அளவில் நிற்கும். வெள்ளி முலாம் பூசிய பித்தளையானால் 1.37 வரை போகும். இந்த வித்தியாசம் தராசில் தெளிவாகவே தெரியும்.

இதில் பெரும்பாலும் தப்பு நடப்பது குமிழியால்தான். எழுத்துகளின் இடுக்கில் காற்று ஒட்டிக்கொண்டால் இடம்பெயரும் தண்ணீர் கூடும், அடர்த்தி குறையும், நல்ல வெள்ளி போலியாகத் தோன்றும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, காசை லேசாக ஆட்டி எடுங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது. 2,240 மீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு சற்றுக் குறையுமே, ஊட்டியில் கணக்கு தவறாதா என்று சிலர் கேட்பதுண்டு. குறைவு 0.07 சதவீதம்தான், இரண்டு எடையும் ஒரே தராசில் பார்ப்பதால் வகுக்கும்போது அதுவும் கழிந்துவிடும்.

காந்தம் ஒட்டினால் போலி என்ற பேச்சை முழுதாக நம்ப வேண்டாம். வெள்ளி ரூபாயில் ஒட்டக் கூடாது என்பது சரி. ஆனால் 1947 ரூபாய் தூய நிக்கல். அதைக் காந்தம் இழுக்கத்தான் செய்யும். அந்தக் காசின் பின்பக்கம் புலி இருக்கும்.

இனி லென்ஸை எடுத்துக்கொண்டு ஆண்டையும் பட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். விக்டோரியா 1876 வரையிலான காசுகளில் ‘குயின்’, 1877 முதல் ‘எம்ப்ரஸ்’. ‘எம்ப்ரஸ்’ என்று எழுதி 1862 என்று போட்டிருந்தால் போலிதான், மேற்கொண்டு சோதிக்க வேண்டாம். ஆனால் 1862 என்ற ஆண்டிலேயே ஒரு சிக்கல் உண்டு. ரூபாயில் அந்த ஆண்டை மாற்றாமல் 1874 வரை அடித்தார்கள். பம்பாய் நாணயச்சாலை, உண்மையில் அடித்த ஆண்டைக் காட்ட ஆண்டின் கீழே புள்ளிகள் வைத்தது. புளி போட்டுத் தேய்த்தவர்கள் முதலில் அழிப்பது இந்தப் புள்ளிகளைத்தான். அடுத்து விளிம்பைப் பாருங்கள். அச்சில் அடித்த காசின் வரிப்பள்ளம் சீராக இருக்கும். வார்த்த போலியில் சுற்றிலும் ஒரு ஒட்டுக்கோடு ஓடும், எழுத்துகளின் ஓரம் மெழுகு உருகியதுபோல உருண்டிருக்கும்.

செம்பில் கிடைப்பது பெரும்பாலும் காலணா. 1835 முதல் சுமார் 6.47 கிராம் செம்பு, 1906 முதல் சுமார் 4.86 கிராம் வெண்கலம். நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வந்தது. இவற்றைவிடப் பழையது கிடைத்தால் கவனமாகப் பாருங்கள். நீலகிரி 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. அதற்கு முன் திப்புவின் ஆட்சி. யானை பொறித்த அவருடைய செம்புக் காசுகளில், 1787 முதல் அவர் கொண்டுவந்த மௌலூதி என்ற ஆண்டுக் கணக்கின் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பின்னால் வந்த 1808ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் காசுகளில் கம்பெனியின் சின்னமும், மறுபக்கம் பாரசீக எழுத்தோடு ‘X காஷ்’ (பத்து), ‘XX காஷ்’ (இருபது) என்ற மதிப்பும் இருக்கும். அந்தக் ‘காஷ்’ நம் ‘காசு’தான்.

ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘யு.கே.எல். ஒன் அணா’, 1818 என்று இருக்கும் கனமான காசை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அப்படி ஒரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் போகும் என்று சொல்லி ஏமாற்ற இதைப் பயன்படுத்துகிறார்கள். அரிசியில் இரும்புத் தூளைக் கலந்து, காந்தமேற்றிய காசைக் காட்டினால் எந்த அரிசியும் ஒட்டும்.

மலையில் ஜூன் தொடங்கி ஈரம் இறங்காது. செம்புக் காசில் வெளிர்பச்சைத் தூள் துடைக்கத் துடைக்க வந்தால், உள்ளே குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது என்று பொருள். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மிருதுவான பி.வி.சி. உறைகள் வேண்டாம், அவையே நாளடைவில் அமிலம் கக்கிப் பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். நூறு வருடம் கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. கடையில் வாங்காமல் தோட்டத்தில் குழி வெட்டும்போது புதையலாகக் கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.